வளவில் மிஞ்சிய இரும்பு

வவுனியா
3.3.2024

தங்கை கமலாட்சிக்கு,

என் வளவில் கிடந்த இரும்பு முழுவதையும் என்னிடம் ஒரு சொல் கேட்காமல் பழைய இரும்புக்காரனின் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டாய். இதுதான் நடந்த அநியாயம். சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

கிளினிக்குக்கு வந்த நம் ஊர்ச் சிற்றம்பலம் நேற்று என்னையும் எட்டிப் பார்த்தான். இரண்டாயிரத்து ஒன்பதோடு என் காது போனது உனக்குத் தெரியும். தொலைபேசியை வைத்தால் வண்டு இரைவதுதான் கேட்கும். என்னோடு கதைக்க வருகிறவர்கள் கொப்பியில் எழுதிக் காட்ட வேண்டும். அவன் எழுதினான்: "வளவு துடைச்சுவிட்ட மாதிரிக் கிடக்கு, வீரையாண்ணை. உங்கட தங்கச்சிதான் லொறிக்காரனுக்குக் கைகாட்டினவா." ஏன் என்று கேட்டேன். கொப்பியை மூடிவிட்டு எனக்குத் தோடம்பழம் உரித்துத் தந்தான்.

பதினான்கு வருடம், கமலாட்சி. முகாமிலிருந்து விசுவமடுவுக்கு வந்தபோது நமக்குத் தந்தது பன்னிரண்டு தகரமும் ஒரு மண்வெட்டியும். மற்றதெல்லாம் நான் தேடியது. லாண்ட்மாஸ்டர் உழவு எந்திரத்தின் எஞ்சின் துணுக்காயில் மூடிக்கிடந்த அரிசி ஆலையிலிருந்து வந்தது. தண்ணீர்ப் பம்பி கொக்கிளாயில் ஒரு சம்மாட்டி தூக்கி எறிந்த படகு எஞ்சினில் கழற்றியது. பவுசர் வண்டியின் தண்ணீர்த் தாங்கியைப் பற்றைக்குள்ளிருந்து இழுத்துவர இரண்டு நாள் சென்றது. இரண்டு அங்குலக் குழாய் மட்டும் பதினொன்று. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்றால் புள்ளி வைத்திருந்தேன், என்னுடையது என்று தெரியட்டும் என்று.

கிணற்றுத் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியாக மிளகாய்க்கும் இருபது தென்னம்பிள்ளைக்கும் விட இருந்தேன். சித்திரை வெயிலுக்கு முன் எஞ்சின் ஓடியிருக்க வேண்டும். அந்தத் தாங்கியிலிருந்து இறங்கும்போது ஏணி சறுக்கித்தான் இடுப்பு முறிந்து மகள் சுதர்சினி வீட்டில் கிடக்கிறேன்.

புறப்படும்போது உன் மகன் ஜனகனிடம் சொன்னது ஒரே ஒரு வேலை. தடித்த குழாய் வளைந்து கிடக்கிறது, சிரட்டைக் கரியில் சூடாக்கி என் அடைகல்லில் வைத்து அடித்து நிமிர்த்து என்றேன். "ஓம் மாமா" என்று தலையாட்டினான். செய்தானா? அல்லது செய்யப் பஞ்சிப்பட்டுத்தான் எல்லாவற்றையும் விற்கச் சொன்னானா?

காபன் தாள் வைத்துத்தான் எழுதுகிறேன். பிரதி என்னிடம் உண்டு. மூட்டு வலி எப்படி? உன் மருமகள் சுரேகா சுகமா? பதில் உடனே வேண்டும்.

அண்ணன்
வீரையா


விசுவமடு
17.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்கள் இடுப்புக்கு இரண்டாவது ஒப்பரேசன் இருக்கிறது என்று சுதர்சினி சொன்னாள். அது நல்லபடி முடிய அம்மனை வேண்டிக்கொள்கிறேன். அவள் சமைத்துத் தருவதைக் குறை சொல்லாமல் சாப்பிடுங்கள்.

ஓம், நான்தான் கொடுத்தேன். விற்கவில்லை, சும்மா கொடுத்தேன். லொறிக்காரன் தராசை எடுத்தான். நிறுக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஏற்று, ஒரு ஆணிகூடக் கிடக்கக் கூடாது என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

மிளகாய்க்கு நான் வாளியால் ஊற்றுகிறேன். தென்னம்பிள்ளையில் மூன்று பட்டுவிட்டது. நீங்கள் பேசுவீர்கள் என்று தெரியும், பேசுங்கள். உடம்பைப் பாருங்கள்.

தங்கை
கமலாட்சி


வவுனியா
24.3.2024

கமலாட்சிக்கு,

சும்மா! விற்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். வயிற்றுப்பாட்டுக்கு விற்றாள் என்று நினைத்திருப்பேன். ஒரு மனிதன் பதினான்கு வருடம் முதுகில் சுமந்து சேர்த்ததைக் குப்பை அள்ளிக் கொடுப்பதுபோலக் கொடுத்திருக்கிறாய்.

எஞ்சின் போகட்டும். என் அடைகல்லையும் கொடுத்தாயா? அது கடையில் வாங்குகிற பொருள் இல்லை. இரண்டாயிரத்துப் பதினொன்றில் குளத்துக்கட்டுக்குக் கீழே வாய்க்கால் வெட்டும்போது எடுத்தது. தொடைத் தடிப்பு உருளை, அடி தட்டையானது, முனை கழன்றுபோனது. எறிகணையின் வெற்றுக் கோது என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்தது. பாதியைச் சீமெந்தில் புதைத்து நிறுத்தினேன். அதன்பிறகு எத்தனை ஆணி, எத்தனை கம்பி, எத்தனை குழாய் அதில் நிமிர்ந்தது! ஊரில் யாருக்கு மண்வெட்டி வளைந்தாலும் என்னிடம்தானே வந்தார்கள்?

கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வீடு வீடாக வந்தது நினைவிருக்கிறதா? அதைச் சுற்றி வைக்கோலைக் குவித்து, மேலே பாயை விரித்து, காய்ச்சல்காரன் மாதிரிப் படுத்துக்கொண்டேன். வந்த பொடியன் கொப்பியில் எழுதிக் கேட்டான்: "ஐயா, சந்தேகமான இரும்பு ஏதும் வைச்சிருக்கிறீங்களோ?" நான் சொன்னேன்: "தம்பி, என்ர வளவில இரும்பிலதான் சோறே சமைக்கிறம். எதில சந்தேகப்படுறது?" சிரித்துவிட்டுப் போனான். விட்டிருந்தால் அதையும் ஆபத்து என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அவர்களிடமிருந்து காப்பாற்றினேன், உன்னிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை.

ஒன்று கேள். அந்தக் குழியில் கிடந்தது ஒன்றில்லை, இரண்டு. மற்றது இன்னும் வளவில்தான் இருக்கிறது. எங்கே என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதையும் தூக்கிக் கொடுத்துவிடுவாய்.

ஜனகனைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பி அடைகல்லைத் தேடச் சொல். சிவப்புப் புள்ளி இருக்கும். உன் கடிதத்தில் அவன் பேரே இல்லை, சுகமில்லையா?

வீரையா


விசுவமடு
28.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒப்பரேசன் முடிந்து நடக்கப் பழகுகிறீர்கள் என்று கேட்டுச் சந்தோஷம். சித்திரை வருடப் பிறப்பு வந்து போனது. நாங்கள் பொங்கவில்லை. இந்த முறை இந்த வீட்டில் யாரும் கைவிசேடக் காசு வாங்கவில்லை.

அந்த இரும்பைப் பற்றி எழுதிய உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். யாரிடமும் வாய் திறக்காதீர்கள், சிற்றம்பலத்திடம்கூட.

ஒன்று மட்டும் எழுதுங்கள். மற்றது எங்கே இருக்கிறது? வேறொன்றும் எனக்கு வேண்டாம் அண்ணே. இடத்தை மட்டும் எழுதுங்கள்.

கமலாட்சி


வவுனியா
5.5.2024

மருமகன் ஜனகனுக்கு,

உன் தாயோடு எழுதிப் பயனில்லை என்று உனக்கு எழுதுகிறேன். அவள் என் கடிதத்தை எரித்திருக்கிறாள். எரிக்கட்டும், பிரதி என் தலையணைக்குள் இருக்கிறது.

நான் விழுந்து மூன்றரை மாதம். நீ ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கவில்லை. சாரதி வேலை அவ்வளவு பெரிய வேலையா? சரி, வர நேரமில்லை. நாலு வரி எழுத உனக்குக் கை இல்லையா? வடிவான எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் நீ. நான் அரசாங்கத்துக்கு அனுப்பிய மனு அத்தனையும் உன் கையெழுத்தில்தான் போனது. என்னிடம் மறைக்க ஏதோ இருக்கிறது, அதுதான் எழுதவில்லை.

உன் தாய் மிஞ்சிய இரும்பு எங்கே என்று கேட்கிறாள். என் பிணம் வேகும்வரை சொல்லமாட்டேன் என்று சொல்.

இன்னும் ஒன்று. இம்மாத முடிவுக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் பொலிஸில் திருட்டு முறைப்பாடு போடுவேன். பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன், நாற்பத்தேழு சாமான், அடைகல் முதலாவது. தங்கை என்றும் மருமகன் என்றும் பார்க்கமாட்டேன்.

சுரேகாவுக்கு என் அன்பு. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மாமா
வீரையா


விசுவமடு
26.5.2024

அன்பான மாமாவுக்கு,

இது இடக்கை எழுத்து. எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. உங்கள் சுகத்தை மச்சாளிடம் அடிக்கடி கேட்கிறனான்.

பெப்ரவரி பதினோராம் திகதி ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. குழாயைச் சிரட்டைக் கரியில் போட்டு, சிவந்ததும் அடைகல்லில் வைத்து அடித்தேன். நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒரு பக்கம் நிமிர்ந்தது. ஆறிப்போனதால் திரும்பச் சூடாக்கினேன். மூன்றாம் தடவை வைத்தது நினைவிருக்கிறது.

வலது கை மணிக்கட்டோடு இல்லை. வலக்கண் தெரியாது. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் முப்பத்திரண்டு நாள் இருந்தேன். உங்கள் ஒப்பரேசன் முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று மச்சாளும் அம்மாவும் முடிவெடுத்தவை. பிறகு யார் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டது.

பொலிஸ் கட்டிலடிக்கு வந்து கேட்டார்கள், "இது யாற்ற?" என்று. நான் காலையில் குளத்துக்கட்டில் கண்டெடுத்தது என்றேன். அம்மா கேட்டுக்கொண்டு நின்றா, ஒன்றும் சொல்லேல்லை. வீட்டில் வெடிபொருள் வைத்திருந்ததாக என்மேல் வழக்கு. யூலை பதினெட்டு முல்லைத்தீவு நீதிமன்றத்தில் தவணை.

தேட வந்தவர்கள் கருவி வைத்து வளவு முழுக்கப் பார்த்துவிட்டு மற்ற இரும்பால் ஆபத்தில்லை என்றார்கள். அவர்கள் போன அன்றே அம்மா லொறியை மறித்தா. உங்களுக்குச் செய்த துரோகம் என்று நினைக்காதேங்கோ. அந்தச் சிவப்புப் புள்ளிகளை அவாவால் பார்க்க முடியவில்லை.

முறைப்பாடு போடாதேங்கோ மாமா. உங்கள் பட்டியலில் முதலாவது சாமானே நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடும். மற்றது எங்கே என்று மட்டும் சொல்லுங்கோ.

ஜனகன்


விசுவமடு
9.6.2024

அண்ணனுக்கு,

ஜனகனின் கடிதம் முப்பத்தோராம் திகதியே உங்கள் கையில் கிடைத்தது என்று சுதர்சினி சொல்கிறாள். வாசித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்களாம். கொப்பியை நீட்டினால் தட்டிவிடுகிறீர்களாம். சாப்பாட்டை மட்டும் மறக்கவில்லையாம்.

நான் உங்களை எதிர்த்து ஒரு நாளும் பேசியதில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்து லயத்தை எரித்தபோது என் கையைப் பிடித்து இந்தக் காட்டுக்குக் கூட்டிவந்தது நீங்கள். அதற்காக என் பிள்ளையின் பொய்க்கும் நான் சம்மதித்தேன். அவன் அதைச் சொன்னபோது என் மகனைப் பார்க்காமல் உங்களை நினைத்தேன். இரவில் அதை நினைக்கிறபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கோழிக்கூட்டைப் பிரித்து அடியைத் தோண்டினேன். தாங்கி நின்ற இடத்தைத் தோண்டினேன். தேடுகிறவர்களைத் திரும்பக் கூப்பிட்டால், இன்னொன்று இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் உங்கள் பேர் வரும். அதனால் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் சொந்த வளவில் நடக்கிறோம். முந்தநாள் ஜனகன், "அம்மா, நீங்கள் முன்னால போங்கோ, நான் பின்னால வாறன், ஒருத்தராவது மிஞ்ச வேணும்" என்றான். பகிடியாம். சுரேகா சிரித்தாள், பிறகு உள்ளே போய் அழுதாள்.

இப்போது அவள் கிணற்றடியில் துணி அடித்துத் துவைக்கிற சத்தம் கேட்கிறது. நீங்கள் கட்டிக் கொடுத்த கல்லில்தான். அதை ஏன் கொடுக்கவில்லை என்று யோசிக்கிறேன். உங்கள் கையால் செய்ததில் ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன் போல.

நீங்கள் கேட்ட எத்தனையோ கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அது வெற்றுக் கோது இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

கமலாட்சி


வவுனியா
13.6.2024

கமலாட்சிக்கு,

சுதர்சினி இன்று காலை தொலைபேசியில் சொன்னது சரி. துவைக்கிற கல்லின் அடியில்தான் இருக்கிறது. மண் இறங்காமல் தாங்கட்டும் என்று நான்தான் படுக்க வைத்து மேலே சீமெந்து போட்டேன். கம்பி வலையும் போட்டேன். தேட வந்தவர்களின் கருவி அந்தக் கம்பிக்குக் கத்துகிறது என்று நினைத்திருப்பார்கள். அவர்களில் பிழை இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். தெரியாது என்று இந்தப் பதின்மூன்று நாளும் எனக்கே சொல்லிக்கொண்டு கிடந்தேன். உன் கடிதத்தில் துணி அடிக்கிற சத்தத்தை வாசித்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

பதின்மூன்று வருடம் அந்த அடைகல்லில் அடித்தேன். ஒரு நாளாவது அதில் சூடான இரும்பை வைத்ததில்லை. சூடாக்கியதைக் கருங்கல்லில் வைப்பேன், ஆறியதை மட்டும் அதில் வைப்பேன். ஏன் என்று என்னை நான் கேட்டதில்லை. கை தானாகக் கருங்கல்லுக்குப் போகும். அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில், சித்திரைக்குள் எஞ்சின் ஓட வேண்டும் என்ற வெறியில், நான் ஒரு நாளும் செய்யாததை ஜனகனைச் செய்யச் சொன்னேன். கருங்கல் என்று சொல்ல ஒரு சொல் போதும். சொல்லவில்லை.

அவன் கடிதம் வந்த அன்றே மற்றதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டையும் மறைத்து வைத்தவன் நான் என்றாகிவிடும். அதற்காகப் பதின்மூன்று நாள் சுரேகாவை அந்தக் கல்லில் துவைக்க விட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினால் நீ வாசிக்க வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை. செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

தபாலில் போடும் முன் இதைச் சுதர்சினி இப்போதே உனக்குத் தொலைபேசியில் வாசிப்பாள். இன்றே நீங்கள் மூன்று பேரும் சிற்றம்பலத்தின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். கோழியைப் பிடிக்க நிற்காதே. தண்ணீர் அவன் கிணற்றில் அள்ளு.

சிற்றம்பலம் படலையைக் கட்டி, குறுக்கே சிவப்புத் துணி போட்டு, ஒழுங்கையால் ஆடு மாடுகூட நுழையாமல் நிற்க வேண்டும். தோடம்பழம் உரித்தது போதும் என்று நான் சொன்னதாகச் சொல்.

கிராம சேவகரிடம் சுதர்சினி இன்று பின்னேரம் தொலைபேசியில் சொல்லுவாள். கண்ணிவெடி எடுக்கிறவர்களுக்கு அவர் அறிவிக்க வேண்டும். அவர்கள் வந்தால் நீ ஒன்றும் விளக்க வேண்டாம், கல்லைக் காட்டினால் போதும். வைக்கோலில் படுத்தவனை அந்தப் பொடியன் மறந்திருக்கமாட்டான்.

நாளை முதல் பஸ்ஸில் சுதர்சினி என்னைப் பொலிஸுக்குக் கூட்டிவருவாள். ஊன்றுகோலோடு ஏறுவேன். நீ எரித்த மார்ச் இருபத்துநான்காம் திகதிக் கடிதத்தின் பிரதியும் அந்த நாற்பத்தேழு சாமான் பட்டியலும் என்னிடம் இருக்கின்றன. எங்கே எடுத்தேன், எந்த வருடம், எப்படி ஒளித்தேன் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. வாக்குமூலம் எழுத அவர்களுக்குச் சிரமம் இராது.

ஜனகன் யூலை பதினெட்டில் நீதிமன்றத்தில் உண்மையை மட்டும் சொல்ல வேண்டும். மாமனுக்காகப் பொய் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். வெட்கப்பட வேண்டியவன் அவன் இல்லை. அவனுக்கு ஒரு சட்டத்தரணியைச் சுதர்சினி பார்ப்பாள்.

நீ பொலிஸுக்கு வரக்கூடாது. எனக்குச் சோறு கட்டி அனுப்பக்கூடாது. இந்தக் கடிதத்தை அடுப்பில் போடக்கூடாது.

சுரேகாவுக்குத் துவைக்க வேறு கல் வேண்டும். அதைக் கிணற்றுக்கு மறுபக்கம், கடையில் வாங்கிய புதுக் கம்பி போட்டு, மேசன் ஒருவரைப் பிடித்துச் சிற்றம்பலம் கட்டுவிக்க வேண்டும். நான் கட்டக்கூடாது.

வீரையா